மொகிங்கா அவ்வளவு வேகமாக ஓடுவதில்லை

கேள்வி: டாக்டர் ஐயா, என் வீட்டுக்காரருக்கு 42 வயது. காலையில் கடையில் மொகிங்கா (மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ்) சாப்பிட்டு எழுந்தால் பத்து நிமிடம் தாங்காது, கழிப்பறைக்கு ஓடவேண்டும். கல்யாணமான நாளிலிருந்தே இப்படித்தான் பார்க்கிறேன். ஒருநாள் பாலத்து நெரிசலில் பஸ் நின்றபோது பட்ட அவஸ்தையிலிருந்து, காலையில் எதையுமே சாப்பிடாமல் ரங்கூனுக்கு வேலைக்குப் போகிறார். “அவனுக்குக் குடல் குட்டை, தின்றது அப்படியே வெளியே போகிறது, உடம்பில் ஒட்டுவதில்லை” என்கிறார் என் மாமியார். குடலில் பல வருட அழுக்கு ஒட்டிக்கிடக்கும் என்று ஒரு வீடியோவும் பார்த்துவிட்டார். மாதம் ஒருமுறை வீட்டில் எல்லோரும் விளக்கெண்ணெய் குடிக்கவேண்டும் என்பது இப்போது சட்டம். 8 வயது மகனுக்கும் 5 வயது மகளுக்கும்கூட விலக்கு இல்லை. போன மாதம் மகள் குடித்துவிட்டு நாள் முழுக்கச் சுருண்டு படுத்திருந்தாள். இது சரிதானா?
— தன்லினிலிருந்து ஒரு வாசகி

பதில்: சகோதரி, முதலில் உங்கள் வீட்டுக்காரரைப் பற்றிய சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். அவர் கழிப்பறையில் விட்டுவிட்டு வருவது அன்று காலை சாப்பிட்ட மொகிங்கா இல்லை. நேற்றைய சாப்பாடு, இல்லையென்றால் முந்தாநாள் சாப்பாடு. காலை மொகிங்கா அந்த நேரத்தில் இரைப்பையில்தான் இருக்கிறது, அதுவும் மேல் பாதியில், இப்போதுதான் வந்து உட்கார்ந்த மாதிரி.

என் பேச்சை நம்பவேண்டாம், நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒருநாள் சாயங்காலம் அவருக்கு அவித்த சோளம் ஒரு கதிர் வாங்கிக்கொடுங்கள். அவசரமாக மென்று விழுங்கட்டும். சோள மணியின் மேல்தோலைச் செரிக்க மனிதக் குடலில் சாறு கிடையாது. அது மஞ்சளாக அப்படியே வெளியே வரும். எப்போது வருகிறது என்று கடிகாரத்தைப் பார்த்து எழுதிவைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளிலிருந்து மூன்று நாளுக்குள் வரும். (அடுத்த வாரம் முழுக்க அத்தையே தினமும் கேட்பார், “வந்துச்சா?” என்று.)

அது ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். அத்தையின் குட்டைக் குடலுக்கும் வீடியோவின் அழுக்குக்கும் பதில் அதிலேயே இருக்கிறது. நம்மில் பலர் வயிற்றை ஒரு சாக்கடைக் குழாய் மாதிரி நினைத்துக்கொள்கிறோம். மேலே ஊற்றினால் கீழே வரவேண்டும், வராவிட்டால் அடைப்பு, அடைத்தால் குத்திக் கழுவவேண்டும். இந்தக் கற்பனையிலிருந்துதான் விளக்கெண்ணெய் பாட்டிலே பிறக்கிறது. உண்மையில் குடல் என்பது உயிருள்ள தசை. எப்போது நகர்வது, எப்போது நிற்பது, எப்போது தன்னைத் தானே பெருக்கிக்கொள்வது எல்லாவற்றுக்கும் அதற்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. அதன் சுவருக்குள்ளேயே கோடிக்கணக்கில் நரம்பணுக்கள் உண்டு. மூளையைக் கேட்காமலே பெரும்பாலான வேலையைப் பார்த்துவிடும்.

மொகிங்காவையே எடுத்துக்கொள்வோம். வாயில் எச்சில் பட்டவுடனே அரிசி நூடுல்ஸின் மாவுச்சத்து உடையத் தொடங்கிவிடுகிறது. விழுங்கியதும் சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள உணவுக்குழல் அதைப் பத்து நொடிக்குள் கீழே இறக்கிவிடும். தானாகச் சறுக்கி விழுவதில்லை, தசை பின்னாலிருந்து பிசைந்து தள்ளுகிறது. தலைகீழாக நின்று சாப்பிட்டாலும் உணவு இரைப்பைக்குத்தான் போகும், அதற்காக யாரும் முயற்சி செய்யவேண்டாம்.

இரைப்பையில்தான் அவசரம் முடிகிறது. அங்கே எலுமிச்சைச் சாற்றைவிடக் கடுமையான அமிலம் இருக்கிறது. மீன் துண்டு, முட்டை, மேலே நொறுக்கிப் போட்ட பருப்பு வடை எல்லாம் அதில் ஊறி, கீழ்ப் பாதியின் தசையில் அரைபட்டுக் கஞ்சிப் பதத்துக்கு வரும்வரை வெளியே போக அனுமதி இல்லை. இரைப்பையின் கீழ் வாசல் மிகக் கறாரானது, ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குமேல் பெரிதான துண்டைத் திருப்பி அனுப்பிவிடும். தண்ணீர் மாதிரியான குழம்பு சீக்கிரம் கடந்துவிடும், கெட்டியான உணவுக்கு நாலைந்து மணி நேரம்கூட ஆகும். எண்ணெய்ப் பலகாரம் என்றால் இன்னும் தாமதம். கொழுப்பு சிறுகுடலின் வாசலைத் தொட்டதுமே “கொஞ்சம் மெதுவாக அனுப்பு” என்று அங்கிருந்து செய்தி வந்துவிடும்.

இதை ஒருவர் கண்ணாலேயே பார்த்திருக்கிறார். 1822இல் அமெரிக்காவின் மாக்கினாக் தீவில் அலெக்சி செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞருக்கு மிக அருகிலிருந்து துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. ராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட் அவரைப் பிழைக்கவைத்தார். ஆனால் வயிற்றுச் சுவரில் இரைப்பை வரை போகும் ஒரு துளை மூடாமலே நின்றுவிட்டது. 1825இல் போமான்ட் பட்டுநூலில் இறைச்சி, ரொட்டி, முட்டைக்கோஸ் துண்டுகளைக் கட்டி அந்தத் துளை வழியாக உள்ளே தொங்கவிட்டு, மணிக்கொரு தரம் இழுத்துப் பார்த்தார். ஒரு மணி நேரத்தில் ரொட்டியும் கோசும் பாதிதான் கரைந்திருந்தன, இறைச்சி அப்படியே இருந்தது. அந்த மனிதரிடம் அவ்வளவு நியாயமாக நடந்துகொண்டார் என்று சொல்லமாட்டேன். ஆனாலும் இரைப்பைக்குள் என்ன நடக்கிறது என்பது அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. துளையோடே வாழ்ந்த செயின்ட் மார்ட்டின் 1880இல்தான் இறந்தார். ஒரு மணி நேரத்தில் பாதி ரொட்டி என்றால், பத்து நிமிடத்தில் ஒரு கிண்ணம் மொகிங்கா எங்கே போயிருக்கமுடியும்?

அடுத்தது சிறுகுடல். பெயரில்தான் சிறுமை, நீளம் சுமார் 6 மீட்டர். வயிற்றுக்குள் சுருண்டு மடிந்து கிடக்கிறது. அதன் முதல் கால் மீட்டரில் கல்லீரலிலிருந்து பித்தநீரும் கணையத்திலிருந்து செரிமானச் சாறும் வந்து சேர்கின்றன. பன்னிரண்டு விரற்கடை நீளம் என்று பழைய கிரேக்க மருத்துவர்கள் அளந்து பெயர் வைத்த பகுதி அது. அமிலம் அங்கே அடங்கும், கொழுப்பு கரையும், சத்தெல்லாம் துகள் துகளாக உடையும். உள்சுவர் சமதளமாக இருக்காது. கம்பளித் துணியைத் தடவினால் வருமே, அந்த மாதிரி கோடிக்கணக்கான மெல்லிய விரல்கள் நீட்டிக்கொண்டிருக்கும். செரிமானப் பாதையின் உள்பரப்பை விரித்தால் ஒரு டென்னிஸ் மைதானம் என்று எங்கள் காலத்தில் படித்தோம். 2014இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் மறுபடி அளந்து சுமார் 32 சதுர மீட்டர்தான் என்றார்கள். அதுவும் குறைவில்லை, நல்ல அகலமான ஹால் ஒன்றின் தரை. உணவு இதைக் கடக்க மூன்றிலிருந்து ஐந்து மணி நேரம் ஆகும், சத்து உடம்பில் ஏறுவது இங்கேதான். அதனால் அவருக்கு உடம்பில் ஒட்டுகிறதா என்பதைக் கழிப்பறைக்கு ஓடும் நேரத்தை வைத்துச் சொல்லமுடியாது. எடையைப் பாருங்கள். போன வருடச் சட்டை இப்போதும் பொருந்துகிறதா? பெல்ட் அதே துளையில்தான் நிற்கிறதா? ஆம் என்றால் ஒட்டுகிறது. குட்டைக் குடல் என்று ஒரு நோய் நிஜமாகவே உண்டு. அறுவை சிகிச்சையில் குடலின் பெரும்பகுதியை எடுத்துவிட்டவர்களுக்கு வருவது, அவர்கள் மெலிந்து போவார்கள். நடமாடி வேலைக்குப் போய்வரும் மனிதருக்கு அந்தப் பட்டம் வேண்டாம்.

கடைசியாக ஒன்றரை மீட்டர் பெருங்குடல். இங்கேதான் உணவு ஒரு நாளுக்கும் மேலாகத் தங்குகிறது, மெல்லத் தண்ணீர் வற்றி இறுகுகிறது.

சரி, அப்படியானால் பத்தாவது நிமிடம் ஏன் ஓடுகிறார்? இரைப்பை விரிந்ததும், கொழுப்பு கீழே தொட்டதும், நரம்பு வழியாகவும் ரத்தத்தில் கலக்கும் சுரப்புகள் வழியாகவும் பெருங்குடலுக்கு ஒரு தகவல் போகும்: மேலே புது விருந்தாளி வந்துவிட்டார், கீழே இடம் பண்ணு. உடனே பெருங்குடல் நீளமாக ஒரு இழுப்பு இழுத்து, நேற்றிலிருந்து காத்திருந்ததை மலக்குடலுக்குத் தள்ளும். எல்லோருக்கும் உண்டு இது. கைக்குழந்தை பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே துணியில் மலம் போய்விடுகிறதே, அதே கதை. இரவு முழுக்கத் தூங்கிய பெருங்குடல் நாம் விழிக்கும்போதுதான் தானும் விழிக்கிறது. அதனால் நாளின் முதல் சாப்பாட்டுக்கு இந்த இழுப்பு பலமாக இருக்கும். சூடான ஒரு கிண்ணம், எண்ணெய் வடை, மிளகாய்த் தூள், அதோடு ஒரு டம்ளர் டின்பால் டீ என்றால் கேட்கவேண்டாம். உங்கள் வீட்டுக்காரருக்கு அந்தத் தகவல் கொஞ்சம் உரத்த குரலில் போகிறது, அவ்வளவுதான்.

எனவே பட்டினி இதற்கு மருந்து இல்லை. செய்யவேண்டியது நேரத்தை மாற்றுவது. மொகிங்காக்காரர் விடியும்போதே கடையைத் திறந்துவிடுவார். முந்திப் போய் வாங்கி வந்து, வீட்டில் அரைக் கிண்ணம் சாப்பிடட்டும். பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் முன்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். குடல் கூப்பிடும்போது வீட்டுக் கழிப்பறை பக்கத்தில் இருக்கும். வெளியே வந்த பிறகு, அவருக்கு மறுபடி பசி இருந்தால், ஒரு வாழைப்பழம் எடுத்துக்கொண்டு கிளம்பலாம். இரண்டு வாரம் வடையையும் பால் டீயையும் விட்டுப் பார்க்கட்டும். நம் ஆசிய மக்களில் பெரும்பாலோருக்கு வளர்ந்த பிறகு பாலின் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடும். அது செரிக்காமல் பெருங்குடலுக்குப் போனால் வாயு, இரைச்சல், இளக்கம் எல்லாம் வரும். பால் இல்லாத வெறுந்தேநீரைக் கடைகளில் சும்மாவே வைத்திருக்கிறார்கள், அதைக் குடிக்கலாம். இரண்டு வாரத்தில் வித்தியாசம் தெரியாவிட்டால் டீ மேல் பழி போடாமல் திரும்பக் குடிக்க ஆரம்பிக்கட்டும்.

கடிதத்தில் வெற்றிலை பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை, நானாகக் கேட்கிறேன். வாயில் பொட்டலம் அடக்கும் பழக்கம் அவருக்கு உண்டா? புகையிலையின் நிகோட்டின் குடலையும் முடுக்கிவிடும். குடலைவிட எனக்கு வாய்தான் கவலை. செரிமானப் பாதை வாயில்தான் ஆரம்பிக்கிறது. புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் பாக்கு வைத்த வெற்றிலை புற்றுநோய் தரும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதிசெய்திருக்கிறது. இரண்டு வாரத்தில் ஆறாத புண் வாயில் இருந்தால் அவரை உடனே கூட்டிப்போங்கள், குடல் கதையெல்லாம் பிறகு.

ஓடுவதோடு வயிற்று வலியும் அடிக்கடி வந்து, போய்வந்ததும் தணிகிறது, மாதக்கணக்கில் இப்படியே நடக்கிறது என்றால் அதற்கு ஐ.பி.எஸ் என்று பெயர். போலீஸ் அதிகாரி இல்லை, எரிச்சல் குடல் தொந்தரவு. உயிருக்கு ஆபத்தில்லை, மருந்தும் உண்டு. ஆனால் மலத்தில் ரத்தம், தார் போன்ற கறுப்பு மலம், தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, காரணமில்லாமல் எடை குறைவது, காய்ச்சல், விழுங்கும்போது சிக்குவது, சோகை — இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆலோசனைப் பக்கத்துக்கு எழுதிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் நேரில் போகவேண்டும். எதற்கும் ஒருமுறை மலப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. நம் ஊர்த் தண்ணீரில் அமீபா, ஜியார்டியா போன்ற குடல் கிருமிகள் வருவது புதிதில்லை.

இனி விளக்கெண்ணெய். என் பாட்டியும் சனிக்கிழமை தவறாமல் மூக்கைப் பிடித்து ஊற்றியவர்தான். கட்டிலுக்கு அடியில் ஒளிந்தால் காலைப் பிடித்து இழுப்பார். அவர் அன்பில் குறை இல்லை, அத்தையின் அன்பிலும் இல்லை. எண்ணெயின் குணத்தைத்தான் சொல்கிறேன். அது குடலைக் கழுவுவதில்லை. சிறுகுடலில் நம் செரிமானச் சாறே அதை உடைத்து ரிசினோலிக் அமிலமாக்குகிறது. அந்த அமிலம் குடல் தசையைத் தட்டி எழுப்பி முறுக்குகிறது. கர்ப்பப்பைத் தசையையும் அதே வழியில் முறுக்கும், அதனால் கர்ப்பிணிகள் அதைத் தொடவே கூடாது. மகள் சுருண்டு படுத்தது அந்த முறுக்கில்தான்.

எவ்வளவு தண்ணீர் போகிறது என்று யோசியுங்கள். பெரியவர் ஒருவரின் சிறுகுடலுக்குள் தினமும் எட்டு ஒன்பது லிட்டர் திரவம் வந்து சேர்கிறது. நாம் குடிப்பது அதில் இரண்டு லிட்டர்தான், மீதி எச்சில், இரைப்பைச் சாறு, பித்தம், கணையச் சாறு, குடல் சாறு. உடம்பு இதில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது, மலத்தில் போவது நூறு இருநூறு மில்லிதான். பேதி மருந்து அந்தத் திரும்ப உறிஞ்சும் வேலையைக் கெடுக்கிறது. 5 வயதுக் குழந்தையின் உடம்பில் கொஞ்சம் தண்ணீரும் உப்பும் குறைந்தாலே அது துவண்டுவிடும். அது போதாதென்று, அழும் குழந்தையின் வாயில் மூக்கைப் பிடித்து எண்ணெய் ஊற்றினால் மூச்சுக்குழலில் ஏறிவிடலாம். நுரையீரலுக்குள் எண்ணெய் போனால் பெரிய தொல்லை.

குடித்த மறுநாள் சளி சளியாக வருவதைக் காட்டி “பார், எவ்வளவு அழுக்கு!” என்பார்கள். அந்தச் சளி குடலின் உள்பூச்சு, எண்ணெய் எரிச்சலூட்டியதால் கூடுதலாகச் சுரந்தது. இரண்டு நாள் மலம் வராது, ஏனென்றால் உள்ளே ஒன்றும் மிச்சமில்லை. அதை மலச்சிக்கல் என்று எண்ணி மறுபடி ஊற்றுவார்கள். மாதச் சட்டம் வாரச் சட்டமாக மாறுவது இப்படித்தான்.

பல வருட அழுக்கு ஒட்டியிருக்க அங்கே இடமே இல்லை. சிறுகுடலின் உள்தோல் மூன்றிலிருந்து ஐந்து நாளுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக முளைக்கிறது. சாப்பாட்டுக்கு இடையில் வயிறு காலியாக இருக்கும்போது, ஒன்றரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரைப்பையிலிருந்து சிறுகுடலின் கடைசி வரை ஓர் அலை பெருக்கிக்கொண்டே போகும். இரவில் வீடு அடங்கியபின் வயிற்றில் கடமுடா என்று சத்தம் கேட்கிறதே, பசி என்று நினைப்போம், பெரும்பாலும் அந்தத் துடைப்பச் சத்தம்தான். இடைவிடாமல் எதையாவது கொறித்துக்கொண்டே இருந்தால் அந்த அலைக்கு வேலை செய்ய இடைவெளி கிடைக்காது. அத்தை குழந்தைகளின் குடலைச் சுத்தமாக வைக்க ஆசைப்பட்டால், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பிஸ்கட் பொட்டலத்தை ஒளித்துவைப்பது நல்ல சேவை.

பூச்சிக்காகக் கொடுக்கிறோம் என்று அவர் சொல்லலாம். அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது, நம் பக்கத்து ஈர மண்ணில் குடற்புழு சகஜம். ஆனால் விளக்கெண்ணெய் புழுவைக் கொல்லாது. அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், மென்று விழுங்கும் ஒரே மாத்திரை, இரண்டு வயது தாண்டிய குழந்தைகளுக்கு. புழுத்தொற்று அதிகமுள்ள இடங்களில் வருடத்துக்கு இருமுறை, மற்ற இடங்களில் ஒருமுறை. பள்ளியில் கொடுத்துவிட்டார்களா என்று கேட்டுக்கொண்டு, இல்லையென்றால் சுகாதார நிலையத்தில் வாங்கிக் கொடுங்கள். அதோடு செருப்பு, சோப்பு, வெட்டிய நகம்.

ஒன்றை மட்டும் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். பிள்ளைக்கு வயிறு வலிக்கிறது என்றால் எக்காரணம் கொண்டும் பேதிக்குக் கொடுக்கக் கூடாது. தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு இறங்கும் வலி குடல்வால் வீக்கமாக இருக்கலாம். அந்த நேரத்தில் குடலை முறுக்கிவிட்டால் வீங்கிய குடல்வால் வெடிக்கக்கூடும். அப்போது எண்ணெயும் வேண்டாம், சாப்பாடும் வேண்டாம், ஆஸ்பத்திரிதான்.

மகள் இப்போது ஓடியாடி விளையாடுகிறாள் என்றால் அவளுக்கு எந்தச் சிகிச்சையும் தேவையில்லை. எதிர்காலத்தில் எப்போதாவது வயிற்றுப்போக்கு வந்தால் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ் பொட்டலம் கைவசம் இருக்கட்டும். கிடைக்காத நேரத்தில் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டி அளந்து கலக்குங்கள். சர்க்கரை ருசிக்காக இல்லை. குடல் சுவரில் உப்பை உள்ளே இழுக்கும் வாசல் சர்க்கரை கூட வந்தால்தான் திறக்கும், உப்பின் பின்னால் தண்ணீர் போகும். அதனால் உப்பையும் சர்க்கரையையும் கண்ணளவில் போடவேண்டாம்.

மருமகள் சொன்னால் அத்தைக்குக் கோபம் வரும், தெரியும். இந்தப் பக்கத்தை அவர் கையில் கொடுத்துவிடுங்கள், திட்டுவதானால் என்னைத் திட்டட்டும். பாட்டிலை மட்டும் வீசவேண்டாம். குதிகால் வெடிப்புக்கு ராத்திரி தடவிப் படுத்தால் விளக்கெண்ணெய் நன்றாகவே கேட்கும்.